பதிமுகமும் கடுக்காயும்: நுண்ணோக்கியில் பார்க்கும் திசுக்களுக்குத் தாவரச் சாயம் ஏற்றும் முறை

நிறமேற்றாத வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் வைத்தால் செல்சுவர்கள் மங்கலான கோடுகளாகத் தெரியும். உட்கரு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பழகிய கண்ணுக்கே சற்றுக் கடினம். பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் சாஃப்ரனின், மெத்திலீன் நீலம் போன்ற செயற்கைச் சாயங்கள் இந்தக் குறையைத் தீர்க்கின்றன. ஆனால் நோயியல் ஆய்வகங்களில் பயாப்சித் திசுவைப் பார்க்க இன்றளவும் முதன்மையாகப் பயன்படும் ஹீமடாக்ஸிலின் ஒரு மரத்தின் வைரக்கட்டையிலிருந்து கிடைப்பது. மெக்ஸிகோவின் காம்பீச்சே பகுதியின் பெயரையே தன் அறிவியல் பெயரில் தாங்கிய ஹீமடாக்ஸிலம் காம்பீச்சியானம் அந்த மரம். ஜெர்மானிய உடற்கூறியலாளர் வால்டையர் 1863இல் அதன் சாற்றைத் திசுவில் ஏற்றிப் பார்த்தார். போமர் என்னும் ஆய்வாளர் 1865இல் அதனுடன் படிகாரத்தைச் சேர்த்த பிறகுதான் அது நம்பத்தக்க உட்கருச் சாயமாக நிலைபெற்றது.

தாவரச் சாயத்தைக் கையிலெடுப்பவர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது அந்தப் படிகாரத்தைத்தான். செம்பருத்தியைக் கசக்கிப் பிழிந்த சாற்றை வெங்காயத் தோலில் விட்டுவிட்டு, “ஒன்றும் ஒட்டவில்லை, கழுவினால் போய்விடுகிறது” என்று கைவிடுபவர்கள் பலர். அவர்கள் பூவைக் குறை சொல்வதில் நியாயமில்லை. சாயம், அதைத் திசுவோடு பிணைக்கும் உலோக உப்பு, கரைசலின் புளிப்பு ஆகிய மூன்றும் கூடினால்தான் திசு நிறம் பிடிக்கும். இவற்றுள் சாயம் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. தோல் பதனிடுதலும் துணிக்குச் சாயமேற்றுதலும் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வடாற்காட்டில், அதாவது வேலூரைச் சுற்றிய பகுதியில், இதை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கடுக்காயும் படிகாரமும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் எதற்கு என்று வாலாஜாப்பேட்டையிலும் ஆரணியிலும் பழைய சாயப்பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். அவர்கள் நூலிலும் துணியிலும் செய்ததையே நாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவான திசுவில் செய்யப்போகிறோம்.

எந்தச் செடியிலிருந்து தொடங்குவது

ஹீமடாக்ஸிலினுக்கு மிக நெருங்கிய உறவுப் பொருள் நம்மூர் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. கேரளத்தில் குடிநீரில் போட்டுக் காய்ச்சும் பதிமுகம் என்னும் மரச்சீவல்தான் அது. அதிலுள்ள பிரேசிலின் என்னும் பொருளின் மூலக்கூறும் ஹீமடாக்ஸிலினின் மூலக்கூறும் ஏறத்தாழ ஒன்றே. பிரேசிலினில் ஆக்ஸிஜன் அணு ஒன்று குறைவு, அவ்வளவுதான். இரண்டுமே அப்படியே சாயமாகச் செயல்படுவதில்லை. காற்றுப் பட்டு ஆக்ஸிஜனேற்றம் அடைந்த பின்னரே, ஹீமடாக்ஸிலின் ஹீமட்டீனாகவும் பிரேசிலின் பிரேசிலீனாகவும் மாறி, நிறம் கொடுக்கின்றன. எனவே ஒரே ஒரு தாவரச் சாயத்தை மட்டும் முயன்று பார்க்க நேரமிருப்பவர் வேறு எதையும் தேடாமல் பதிமுகத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

வேலூர் லாங்கு பஜார்ப் பக்கத்துக் கடைகளில் பதிமுகம் என்று கேட்டு வாங்கும்போது சற்று எச்சரிக்கை வேண்டும். சிவந்த சீவல் எல்லாம் பதிமுகம் ஆகாது. செஞ்சந்தனச் சீவலும் பார்வைக்குச் சிவப்பாகவே இருக்கும். பழைய வடாற்காட்டு மாவட்டத்தின் பகுதியாக 1911 வரை இருந்த சித்தூர்ப் பக்கத்து மலைகளில் விளையும் அந்த மரம் சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டது. நமக்கு அது தேவையும் இல்லை. இரண்டையும் பிரித்தறிவது எளிது. ஒரு சீவலைக் குளிர்ந்த நீரில் போட்டால் பதிமுகம் சிறிது நேரத்தில் நீரை இளஞ்சிவப்பாக்கும். செஞ்சந்தனத்தின் சாயம் நீரில் ஏறத்தாழக் கரையாது, ஆல்கஹாலில்தான் இறங்கும். பதிமுக நீரில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் மஞ்சளாகும். சிட்டிகை சமையல் சோடா போட்டால் கருஞ்சிவப்பாகும். இந்த இரண்டு மாற்றங்களையும் காட்டாத சீவலைக் கொண்டு வேலை தொடங்க வேண்டாம்.

பதிமுகச் சாயம் தயாரித்தல்

பத்து கிராம் சீவலை அம்மியிலோ உரலிலோ நசுக்கி, 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் ஓர் இரவு ஊறவிட வேண்டும். மறுநாள் கண்ணாடிக் குவளையிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ சிறுதீயில் அரை மணி நேரம் வைத்து, தளதளவென்று கொதிக்க விடாமல் இறக்கிக்கொள்ளலாம். இரும்பு வாணலி கூடவே கூடாது. இரும்பு பட்டால் இந்தச் சாயம் ஊதாக் கறுப்பாக மாறிவிடும். முதலில் துணியிலும் பிறகு வடிதாளிலும் வடிகட்டி, ஆவியாகிக் குறைந்த அளவை மீண்டும் 100 மில்லிக்குக் கொண்டுவந்து, சூடு ஆறுவதற்குள் 5 கிராம் படிகாரத்தைப் பொடித்துப் போட்டுக் கலக்க வேண்டும். ஹீமடாக்ஸிலினும் படிகாரமும் சேர்ந்த, ஆய்வகங்களில் பழக்கமான மேயர் ஹீமலத்திலும் படிகாரம் லிட்டருக்கு 50 கிராம், அதாவது இதே 5 விழுக்காடுதான். படிகாரக் கரைசலே போதிய அளவு புளிப்பாக இருப்பதால் எலுமிச்சையோ வினிகரோ தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலம் அலுமினியத்தைத் தானே பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அதை அளவின்றி விட்டால் சாயத்துக்கும் திசுவுக்கும் நடுவே பாலமாக நிற்க வேண்டிய அலுமினியம் குறைந்துபோகும்.

இந்தக் கரைசலை வாயகன்ற புட்டியில் ஊற்றி, வாயை மெல்லிய துணியால் கட்டி, நாளுக்கொரு முறை குலுக்கி, ஒரு வாரமாவது காற்றாட வைத்தால் சாயம் முதிரும். ஹீமடாக்ஸிலினை இயற்கையாக முதிரவிடும் முறையில் வாரக்கணக்கில் காத்திருப்பார்கள்; பதிமுகச் சீவல் கடையில் கிடக்கும்போதே ஓரளவு காற்றுப் பட்டிருப்பதால் அவ்வளவு பொறுமை தேவைப்படாது. முதிர்ந்த பின் 10 மில்லி ஆல்கஹால் சேர்த்து, பழுப்பு நிறப் புட்டியில் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். பூஞ்சை பூத்தாலும் அடியில் சேறு போல வண்டல் தங்கினாலும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரிப்பதே நல்லது. நன்றாக இருக்கும் சாயத்தையும் ஒவ்வொரு முறை பயன்படுத்துவதற்கு முன் வடிகட்டியாக வேண்டும். வடிகட்டாத சாயத்தின் துகள்கள் திசுவின் மேல் படிந்துகொண்டு, பார்ப்பவரைப் பாக்டீரியா என்று நம்பவைக்கும்.

இங்கே தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். வேலூரின் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீர். கெட்டிலிலும் வாளியிலும் வெள்ளையாகப் படிவது அதற்குச் சாட்சி. அந்த நீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் சாயத்தைத் தயாரிக்கும்போதே நிறத்தை மாற்றி, ஒரு பகுதியை வண்டலாக இறக்கிவிடும். ஆகவே தயாரிப்புக்குக் காய்ச்சி வடித்த நீர் கட்டாயம். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் நீர் இதற்குப் போதும். ஆனால் சாயமேற்றிய பிறகு கடைசியாகக் கழுவும்போது அதே கடின நீர் பெரிய உதவியாக மாறுகிறது. அதன் மெல்லிய காரத்தன்மை, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து வெளுத்துக் கிடக்கும் உட்கருவை அழுத்தமான சிவப்புக்குக் கொண்டுவருகிறது. ஹீமடாக்ஸிலின் ஏற்றிய சிலைடுகளைக் குழாய்நீரில் வைத்து நீலமாக்கும் வழக்கமும் இதே காரணத்தால் வந்தது. எனவே தயாரிக்க ஒரு நீர், கழுவ ஒரு நீர் என்று இரண்டு பாத்திரங்களில் பெயரெழுதி வைத்துக்கொள்வது வசதி.

வெங்காயத் தோலில் முதல் முயற்சி

வெங்காயத்தின் ஓர் இதழை மெல்ல ஒடித்து, உட்பக்கமாகக் குழிந்திருக்கும் பரப்பிலிருந்து நிறமற்ற மெல்லிய தோலை இடுக்கியால் உரித்தெடுக்க வேண்டும். வெளிப்பக்கத்துச் சிவந்த தோலில் வெங்காயத்தின் சொந்த நிறமி இருப்பதால் அது குழப்பத்தையே தரும். உரித்த தோலை ஐந்து மில்லிமீட்டர்ச் சதுரமாக நறுக்கி, உடனே நிலைப்படுத்தும் கரைசலில் போட்டுவிட வேண்டும். மூன்று பங்கு எத்தில் ஆல்கஹாலுக்கு ஒரு பங்கு கிளேசியல் அசெட்டிக் அமிலம் என்பது அந்தக் கரைசல். இது மூக்கைத் துளைக்கும் நெடியுடையது, தோலையும் சுடும்; ஆகவே ஆசிரியரோ ஆய்வக உதவியாளரோ கலக்கித் தர வேண்டும்.

நிலைப்படுத்தாமல் விடுவதுதான் தாவரச் சாய முயற்சிகள் தோற்பதற்கு இரண்டாவது பெரிய காரணம். உயிருள்ள செல்லின் சவ்வு தனக்கு வேண்டாத பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடாது. அலுமினியத்தோடு சேர்ந்த சாயம் வெளியிலேயே நின்றுவிடும். ஆல்கஹாலும் அமிலமும் சவ்வின் இந்தக் காவலைக் குலைத்து, உட்கருவை இருந்த இடத்திலேயே உறையவைக்கின்றன. அரை மணி நேரம் கழித்துத் தோலை 70 விழுக்காடு ஆல்கஹாலில் அலசி, பிறகு காய்ச்சி வடித்த நீரில் இரண்டு முறை அலசி, வாட்ச் கிளாஸ் என்னும் குழிந்த சிறு கண்ணாடித் தட்டில் வடிகட்டி வைத்த பதிமுகச் சாயத்தில் அமிழ்த்த வேண்டும். இருபது நிமிடத்தில் ஒரு துண்டையும் நாற்பது நிமிடத்தில் இன்னொன்றையும் எடுத்துப் பார்த்தால் தம் கரைசலுக்கு எவ்வளவு நேரம் சரி என்பது ஒவ்வொருவருக்கும் பிடிபட்டுவிடும். தாவரச் சாற்றின் செறிவு கடைக்குக் கடை மாறுவதால் நிமிடக் கணக்கை எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சாயத்திலிருந்து எடுத்த தோலைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, பின்னர் கடினக் குழாய்நீரில் இரண்டு மூன்று நிமிடம் மிதக்கவிட்டு, சிலைடின் மேல் கிளிசரின் ஒரு சொட்டில் விரித்து, கவர் ஸ்லிப்பைச் சாய்வாகத் தாழ்த்தி மூட வேண்டும். பத்து மடங்கு லென்ஸில் முதலில் தெரிவது நீளநீளமான கட்டங்கள். அவற்றுள் சுவரோரமாகவோ நடுவிலோ ஒவ்வொன்றிலும் ஒரு சிவந்த வட்டம் அல்லது நீள்வட்டம். நாற்பது மடங்கு லென்ஸுக்கு மாறினால் அந்த வட்டம் ஒரே சீரான சிவப்பாக இல்லை என்பதும், அதற்குள் ஒன்றிரண்டு உருண்டைகள் வேறு அழுத்தத்தில் இருக்கின்றன என்பதும் தெரியும், அவை உட்கருமணிகள். அலுமினியத்தோடு இணைந்த சாயம் நேர்மின்னேற்றம் கொண்டது, டி.என்.ஏ.யின் பாஸ்பேட் பகுதிகள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. உட்கரு மற்ற பகுதிகளைவிட அதிகமாகச் சிவப்பதற்கு இதுவே முக்கிய காரணம். சுவரும் சைட்டோபிளாசமும் சேர்ந்து சிவந்திருந்தால் நேரம் கூடிவிட்டது என்று பொருள். 70 விழுக்காடு ஆல்கஹால் 100 மில்லிக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் அரை மில்லி வீதம் கலந்த நீர்மத்தில் சில வினாடிகள் மட்டும் அலசி, உடனே குழாய்நீருக்கு மாற்றினால் மிகைச்சாயம் இறங்கும். இதில் கடிகாரத்தைப் பார்ப்பதைவிடத் தோலைப் பார்ப்பதே முக்கியம். கவனம் சிதறினால் உட்கருவும் வெளுத்துவிடும்.

வேலூர்க் கோடையில் இன்னொரு தொல்லை உண்டு. சித்திரை, வைகாசியில் மின்விசிறியின் கீழே சிலைடின் மேலேயே சாயச் சொட்டை விட்டு வைத்தால் பத்து நிமிடத்தில் ஓரம் காய்ந்து படிகாரம் படிகமாகிவிடும். நுண்ணோக்கியில் அவை எட்டு முகம் கொண்ட கண்ணாடித் துண்டுகளைப் போலப் பளிச்சென்று தெரியும். மாணவர்கள் அவற்றைக் குறிப்பேட்டில் தாவரப் படிகங்கள் என்று வரைந்து வைப்பதுண்டு. வாட்ச் கிளாஸில் சாயமேற்றுவதும், சிலைடிலேயே செய்வதானால் ஈரப்பஞ்சு வைத்த பெட்ரி தட்டில் மூடிவைப்பதும் இதற்குத் தீர்வு.

வெங்காய வேர்நுனியில் செல் பிரிதலைப் பார்க்க விரும்புவோரும் இதே சாயத்தைப் பயன்படுத்தலாம். வேர்நுனியை ஓர் இரவு நிலைப்படுத்தி, 60 டிகிரி சூட்டில் ஒரு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எட்டு முதல் பத்து நிமிடம் வைத்து மென்மையாக்கி, நன்றாகக் கழுவிய பின் சாயமேற்றி நசுக்க வேண்டும். குரோமோசோம்களுக்குப் படிகாரத்தைவிட இரும்பு அழுத்தமான நிறம் தருவதால், முதலில் 4 விழுக்காடு இரும்புப் படிகாரக் கரைசலில் ஊறவைத்து, அலசி, படிகாரம் சேர்க்காத பதிமுக நீரில் இடும் முறையைக் கல்லூரி ஆய்வகங்கள் முயன்று பார்க்கலாம். வெங்காயத்தின் பதினாறு குரோமோசோம்களையும் எண்ணும் அளவுக்கு விரிப்பது சாயத்தைப் பொறுத்ததன்று. கட்டைவிரலின் அழுத்தத்தைப் பொறுத்தது.

கடுக்காயும் அன்னபேதியும்

உட்கருவைக் காட்டப் பதிமுகம் என்றால், செல்சுவரைக் காட்டக் கடுக்காய். இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழில் குரோம் உப்புக்கு மாறுவதற்கு முன் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நம்பியே நடந்தது. அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருளாகிய டானின், தோலின் கொலாஜன் இழைகளைப் பற்றிக்கொண்டு அழுகாமல் காக்கிறது. அதே டானின் தாவரச் செல்சுவரிலும் படியும். படிந்த இடத்தில் இரும்பு உப்பு பட்டால் அந்த இடமே கறுக்கும். பழைய காலத்து எழுதுமையும் இந்த வேதியியல்தான். தாவரவியலாளர்கள் டானிக் அமிலத்தையும் ஃபெரிக் குளோரைடையும் அடுத்தடுத்து ஏற்றி, வளர்நுனியின் மிக மெல்லிய சுவர்களைக்கூடக் காட்டும் முறையை நெடுநாளாகக் கையாண்டு வருகிறார்கள். கடையில் டானிக் அமிலம் வாங்குவதற்குப் பதில் நாம் கடுக்காயை வைத்துக்கொள்கிறோம்.

கொட்டை நீக்கிய கடுக்காய்த்தோலை இடித்துச் சலித்து, இரண்டு கிராம் பொடியை 100 மில்லி சூடான காய்ச்சி வடித்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடிதாளில் இருமுறை வடிகட்டினால் வெளிர்மஞ்சள் நீர் கிடைக்கும். இது அன்றன்றைக்குச் செய்ய வேண்டியது, மறுநாள் பயன்படாது. இன்னொரு புட்டியில் ஃபெரிக் குளோரைடு ஒரு விழுக்காட்டுக் கரைசல் வேண்டும். அது கிடைக்காத இடத்தில் அன்னபேதியைப் புதிதாகக் கரைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்னபேதி உடனே கறுக்காது, காற்றுப் படப்படத்தான் நிறம் ஏறும் என்பதால் சற்றுக் காத்திருக்க வேண்டும். நிலைப்படுத்தி அலசிய திசுவைக் கடுக்காய் நீரில் பத்து நிமிடம் வைத்து, காய்ச்சி வடித்த நீரில் நன்கு அலசி, இரும்புக் கரைசலில் ஒன்றிரண்டு நிமிடம் இட வேண்டும். நடுவில் அலசுவதைச் சுருக்கிவிட்டால் ஒட்டாமல் நின்ற டானினும் இரும்பும் கலந்து திசுவெங்கும் மைத்தூள் படியும். நிறம் போதவில்லை என்றால் நேரத்தை நீட்டுவதைவிட, அலசிவிட்டு இரண்டு கரைசல்களையும் மறுமுறை ஏற்றுவதே சிறந்தது.

ஆமணக்கின் இளந்தண்டைப் பிளேடால் மெல்லியதாகக் குறுக்கே சீவி இந்த முறையில் ஏற்றினால், ஒவ்வொரு செல்லின் எல்லையும் நீலக் கறுப்புக் கோடாக எழும். கடுக்காய்க்குப் பதில் ஆவாரம்பட்டை நீரைப் பயன்படுத்தினால் கறுப்பு பச்சைச் சாயல் கொள்ளும். இரண்டின் டானினும் வேறுவேறு வகை. பாடம் படிக்கிறவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

இதிலிருந்து கிளைக்கும் ஒரு சிறு சோதனை எனக்கு மற்றவற்றைவிடச் சுவையாகத் தோன்றுகிறது. சாலையோரத்து ஆவாரைக் குச்சி ஒன்றை ஒடித்து, குறுக்கே மெல்லியதாகச் சீவி, கடுக்காய் நீரே இல்லாமல் இரும்புக் கரைசலில் மட்டும் ஒரு நிமிடம் இட்டுப் பார்க்க வேண்டும். செடியின் சொந்த டானின் எந்தெந்தச் செல்லில் தங்கியிருக்கிறதோ அந்தச் செல்கள் மட்டும் கறுக்கும். பக்கத்துச் செல்கள் வெளுப்பாகவே நிற்கும். தோல்ஷாப்புகளுக்கு மூட்டை மூட்டையாகப் போன பட்டையின் துவர்ப்பு அதன் எந்த அடுக்கில் இருந்தது என்பதை இப்படி நேராகவே பார்த்துவிடலாம். ஆமணக்குக்கும் இந்தச் சோதனையை முதலில் செய்துவிட வேண்டும். இரும்பு மட்டும் பட்டே கறுக்கும் செல் ஏதும் இருந்தால், கடுக்காய் ஏற்றிய சிலைடில் அந்தச் செல்லின் கறுப்பைக் கடுக்காயின் கணக்கில் எழுதக் கூடாது.

பதிமுகத்தையும் இந்தக் கறுப்பையும் ஒரே துண்டில் ஏற்ற ஆசை வரும். இரும்பு மிச்சமிருந்தால் பதிமுகச் சிவப்பு ஊதாவாகவும் கறுப்பாகவும் மாறி இரண்டுமே குழம்பிவிடும் என்பதால் தனித்தனிச் சிலைடே சரி. தோல் தொழிலின் ஊரில் இருக்கிறோமே என்று குரோம் உப்புகளையோ டைகுரோமேட்டையோ பிணைப்பு உப்பாக முயல்வது அதைவிடத் தவறு. டைகுரோமேட் நச்சு. பாலாற்றுப் பகுதியில் குரோமியம் ஏற்கெனவே போதுமான கேட்டைச் செய்திருக்கிறது.

மஞ்சள், செம்பருத்தி, மற்றவை

சிவந்த உட்கருவுக்குப் பின்னணி நிறமாக மஞ்சள் நன்றாக எடுபடும். மஞ்சளின் நிறமியான குர்க்குமின் நீரில் கரையாது. ஆகவே விரலி மஞ்சளை இடித்து, ஒரு கிராமுக்கு 20 மில்லி வீதம் 70 விழுக்காட்டுக்குக் குறையாத ஆல்கஹாலில் ஓர் இரவு வைத்து வடிக்க வேண்டும். பொட்டல மஞ்சள்தூளில் வேறு மாவோ நிறமோ கலந்திருக்கலாம் என்பதால் கிழங்கையே வாங்குவது நல்லது. கிழங்கிலும், அவித்துக் காயவைத்ததால் வெந்துபோன மாவுக் கட்டிகள் இருக்கும். அவை சிலைடில் மஞ்சள் மேகங்களாக மிதக்காமலிருக்க இரண்டு வடிதாள் தேவைப்படும். பதிமுகம் ஏற்றிக் கழுவிய திசுவை 70 விழுக்காடு ஆல்கஹாலுக்கு மாற்றி, மஞ்சள் நீர்மத்தில் இரண்டு நிமிடம் வைத்து, மறுபடி ஆல்கஹாலில் ஒரு முறை மட்டும் அலசினால் சைட்டோபிளாசம் மஞ்சளாகவும் உட்கரு சிவப்பாகவும் நிற்கும். அதன் பிறகு கடின நீரில் கழுவக் கூடாது. காரம் பட்டால் மஞ்சள் செம்பழுப்பாகிவிடும் என்பது குங்குமம் செய்யத் தெரிந்த வீடுகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சத்தில் குர்க்குமின் வெளுப்பதால் இந்தச் சிலைடுகளை இருட்டில் வைக்க வேண்டும்.

செம்பருத்தி, நாவற்பழத் தோல், சிவப்புப் புளிச்சையின் சதைப்பற்றான புல்லிவட்டம், கத்தரிக்காய்த் தோல் ஆகியவற்றில் இருப்பவை ஆந்தோசயனின்கள் என்னும் நிறமிகள். இவற்றிலும் படிகாரம் சேர்த்தால் சிவப்பு ஊதாவை நோக்கி நகர்வதைக் கண்ணால் காணலாம். அலுமினியம் பிணைந்ததற்கு அது அடையாளம். மூலக்கூறில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் திறந்திருந்தால்தான் உலோகம் அங்கே பற்ற முடியும். சங்குப்பூவின் நீலம் பார்க்க மிக அழகானது, பலரும் முதலில் அதைத்தான் பறிக்கிறார்கள். ஆனால் அதில் அந்த இடங்களைச் சர்க்கரைத் தொகுதிகள் அடைத்துக்கொண்டிருப்பதால் படிகாரத்தோடு பிடிப்பு எதிர்பார்த்தபடி அமையாது. பீட்ரூட் வேறு வகை நிறமி. சூட்டில் சிதையும், கழுவினால் போகும். வகுப்பில் ஒரு மணி நேரம் காட்டப் புளிச்சையோ செம்பருத்தியோ போதும். பாதுகாத்து வைக்கும் சிலைடுக்கு இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நுணா வேர்ப்பட்டையும் சோழமண்டலக் கரையில் புகழ்பெற்ற சாயவேரும் ஆந்த்ராகுவினோன் வகைச் சாயங்களைக் கொண்டவை. சாயவேரில் இருக்கும் அலிசரின் எலும்பின் கால்சியத்தைப் பற்றும். மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேர் கலந்த தீவனத்தைத் தின்ற பன்றிகளின் எலும்பு சிவந்திருந்ததை ஆங்கில அறுவை மருத்துவர் பெல்ச்சியர் 1736இலேயே பதிவு செய்தார்; இன்று எலும்புக்கூட்டைச் சிவப்பாகக் காட்டப் பயன்படும் அலிசரின் ரெட் எஸ் அந்தச் சாயத்தின் செயற்கை வழித்தோன்றல். நுணாவை முயல்பவர்கள் வயல்வரப்பில் நிற்கும் மரத்தின் வேரைத் தோண்டாமல், வெட்டப்பட்ட மரத்தின் வேர் கிடைக்கும்போது பட்டையைச் சீவி எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

விலங்குத் திசு

கன்னத்தின் உட்புறச் செல்களுக்குப் பதிமுகம் போதும். சுத்தமான ஐஸ்குச்சியால் மெல்ல வழித்து, சிலைடில் தடவி, காற்றில் உலரவிட்டு, ஆல்கஹாலில் ஐந்து நிமிடம் வைத்து, பதினைந்து நிமிடம் சாயமேற்றிக் கழுவினால் தட்டையான செல்லின் நடுவே சிறிய சிவந்த உட்கரு தெரியும். அவரவர் குச்சியை அவரவரே கையாண்டு, பயன்படுத்திய உடனே பிளீச்சிங் நீரில் போட்டுவிட வேண்டும். கறிக்கடையில் வாங்கிய ஆட்டு ஈரலைச் சீவிப் பார்க்க வேண்டுமானால் நடுநிலை ஃபார்மலின், மெழுகுப்பதிவு, திசுவை மிக மெல்லியதாகச் சீவும் மைக்ரோடோம் கருவி மூன்றும் தேவை. அது கல்லூரி ஆய்வகத்துக்கு உரிய வேலை. சைலீனில் மெழுகை நீக்கி நீருக்குக் கொண்டுவந்த பிறகு மேலே சொன்ன வரிசை அப்படியே பொருந்தும். எனினும் நோயைக் கண்டறியும் சிலைடில் இந்தச் சாயங்கள் எதையும் ஹீமடாக்ஸிலினுக்கோ அதனுடன் ஏற்றும் இயோசின் என்னும் சாயத்துக்கோ மாற்றாக வைக்கக் கூடாது. ஒரு தொகுதிச் சாறு இன்னொரு தொகுதியைப் போல இராது என்பது வகுப்பறையில் சிறு சிரமம். நோயாளியின் திசுவில் அது ஆபத்து.

ஒப்பீட்டுச் சிலைடுகளும் பாதுகாப்பும்

ஒவ்வொரு புதிய செடிக்கும் நான்கு சிலைடு தயாரிக்க வேண்டும்: ஒன்றும் ஏற்றாதது, படிகாரம் மட்டும் இட்டது, படிகாரமில்லாத சாறு மட்டும் இட்டது, இரண்டும் சேர்ந்தது. மூன்றாவதும் நான்காவதும் ஒரே மாதிரி இருந்தால் படிகாரம் அந்தச் சாயத்துக்கு எதையும் செய்யவில்லை. முதலாவதே நிறமாக இருந்தால் நாம் பார்த்தது திசுவின் சொந்த நிறம். கைப்பேசியைக் கண்ணருகு லென்ஸில் வைத்துப் படமெடுப்பவர்கள் நான்கையும் ஒரே விளக்கில், தானியங்கி வண்ணச் சரிசெய்தலை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிர்சிவப்புப் பின்னணியை வெள்ளையாக்கும் முயற்சியில் கைப்பேசியே ஒரு நிறத்தை ஏற்றிவிடும்.

ஆல்கஹால் கையாளும் மேசையில் அடுப்போ சாராய விளக்கோ இருக்கக் கூடாது; சூடேற்ற வேண்டியவற்றை வெந்நீர்த் தட்டில் வைத்தே சூடேற்றலாம். செடியிலிருந்து வந்ததால் தீங்கில்லை என்ற எண்ணம் சாற்றுக்கு வேண்டுமானால் ஓரளவு பொருந்தும். அதோடு சேரும் அமிலத்துக்கும் ஃபார்மலினுக்கும் சைலீனுக்கும் பொருந்தாது. பதிமுகம் ஏற்றிய சிலைடைக் கிளிசரினில் மூடி, விளிம்பில் நகப்பூச்சு தடவிக் காயவிட்டு, செடியின் பெயர், சாறெடுத்த தேதி, உப்பு, நேரம் ஆகியவற்றைச் சிலைடின் ஓரத்தில் ஒட்டிய தாளில் பென்சிலால் எழுத வேண்டும். மை எழுத்து ஆல்கஹால் பட்டால் அழிந்துவிடும். நிறம் தங்குகிறதா என்று தெரிய, ஒரே துண்டிலிருந்து தயாரித்த இரண்டு சிலைடுகளில் ஒன்றைப் பெட்டியிலும் மற்றொன்றை ஜன்னல் ஓரத்திலும் வைத்து, மாதம் ஒரு முறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.